மூன்று குழாயில் ஒரே இரத்தம்

காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. முதலில் கண்ணில் பட்டது மச்சானின் இடது முன்கையில் இருந்த நீலத் திட்டு. எலுமிச்சம்பழ அளவு இருக்கும். எங்கேயும் இடித்துக்கொண்டதாக நினைவில்லை என்று, ஊசியோடு நின்ற லேப் பெண்ணிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ரப்பர் பட்டையை எடுத்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"எட்டு மணின்னு டாக்டர் எழுதியிருக்காருங்க அம்மணி. எட்டுக்கே எடுங்க."

"அஞ்சு நிமிசத்துல ஒண்ணும் ஆயிராதுங்க."

"இந்தக் கடிகாரம் சரிங்களா?"

"ரேடியோவப் பாத்து வெச்சதுங்க" என்றாள் அவள், பொறுமையாக. "ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"பச்சைத் தண்ணி பல்லுல படலைங்க."

முள் எட்டைத் தொட்டபோது ஊசி உள்ளே போனது. ஒரே இரத்தம் மூன்று குழாய்களில் நிரம்பியது. ஒன்றைக் காந்திபுரத்தில் இருந்த அந்த லேபிலேயே கொடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் ஐஸ் போட்ட அகல வாய் பிளாஸ்கில் வைத்துக்கொண்டு என் ஸ்கூட்டரின் பின்னால் மச்சான் ஏறினார். ஒன்று ஆர்.எஸ்.புரத்துக்கு. மற்றொன்று சாய்பாபா காலனிக்கு. வழியில் இருந்த ஒவ்வொரு வேகத்தடைக்கும் "மெதுவா, மாப்பிள்ளை" என்றார். என்னைச் சொல்லவில்லை, குழாயைச் சொன்னார்.

அவர் என் அக்காவின் கணவர். கணபதியில் ஆறு லேத்துகள் கொண்ட ஒரு பட்டறை வைத்திருந்தார். மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து பெரிய கம்பெனிகளுக்குக் கொடுப்பார். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் பெட்டியோடு திரும்பி வந்துவிடும் தொழில் அது. பட்டறையில் சாமி படத்துக்குக் கீழே, மஞ்சள் துணி விரித்த பெட்டிக்குள் அளவுக் கட்டைகள் இருக்கும். வாரத்துக்கு ஒரு முறை எல்லா மைக்ரோமீட்டர்களையும் அந்தக் கட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே லேத் ஓடும். எதையும் மூன்று இடத்தில் கேட்காமல் அவர் முடிவு செய்ததில்லை. வார்ப்புக்கு மூன்று பவுண்டரி, இரும்புக்கு மூன்று கடை. என் அக்காவைப் பெண் பார்க்க வருவதற்கு முன் எங்கள் ஊரில் மூன்று பேரிடம் விசாரித்தார் என்பது எங்கள் குடும்பத்தில் இன்றும் பேசப்படும் செய்தி. மூன்றாவது ஆள் என்ன சொன்னார் என்று அக்கா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒரு வருடமாக மச்சானின் முகம் உருண்டுகொண்டே வந்தது. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் அவர் கன்னத்தைப் பார்த்து, "பட்டறை நல்லா ஓடுதாட்ட இருக்குது" என்றார்கள். அவரும் மறுக்கவில்லை. வயிறு முன்னால் வந்தது, கைகால்கள் மெலிந்தன. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஒரே மாதத்தில் சேர்ந்து குடிவந்தன. மாடிப்படி ஏறத் தொடையில் வலு இல்லை. கடைசியில் ஹார்மோன் டாக்டர் ஒருவர் அவரைச் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்துவிட்டு, கார்ட்டிசால் என்ற ஒன்றை அளக்க வேண்டும் என்றார். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் ஒரு சுரப்பி அதைச் சுரக்கிறது. காலையில் அதிகமாகவும் மாலையில் குறைவாகவும் இருக்கும் என்பதால்தான் அந்த எட்டு மணி. அளவு மிகவும் கூடியிருந்தால் அந்தச் சுரப்பியில் கட்டி இருக்கலாம், வேலூருக்குப் போய் ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

மச்சானின் அண்ணன் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்யத் தன் காலால் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர். வீட்டுக்கு அவரைச் சவ வண்டியில்தான் கொண்டுவந்தார்கள். அதனால் டாக்டர் சொன்னதில் 'ஆபரேஷன்' என்ற ஒரு சொல்தான் மச்சான் காதில் நின்றது. தன் வயிற்றைக் கிழிப்பதா வேண்டாமா என்று ஒரு எண் முடிவு செய்யப் போகிறது என்றால், அந்த எண்ணை ஒரே ஒரு இடத்தில் கேட்பது அவருக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை.

நான்கு நாள் கழித்து மூன்று ரிப்போர்ட்டுகளும் கைக்கு வந்தன. காந்திபுரம் முப்பத்தொன்று என்றது. ஆர்.எஸ்.புரம் முப்பது என்றது. இரண்டிலும், காலையில் இருபத்தைந்து வரை இருக்கலாம் என்று பக்கத்தில் அச்சிட்டிருந்தார்கள். சாய்பாபா காலனி, இரண்டு என்றது.

மச்சான் மூன்று தாள்களையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்து, தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"முப்பதும் முப்பத்தொண்ணும் சரிதான், மாப்பிள்ளை. கை வாகுல அவ்வளவு வித்தியாசம் வரும். இந்த ரெண்டு எங்கிருந்து வந்துச்சு?"

"முன்னால ஒரு மூணு விட்டுப் போயிருக்குமுங்களா?" என்றாள் அக்கா.

"போட்டாலும் முப்பத்திரெண்டுதானே ஆகும். அப்பவும் ஆபரேஷன்தான்."

நான் அப்போது ஒரு நாளிதழின் கோவை அலுவலகத்தில் உதவி ஆசிரியராக இருந்தேன். ஒருவர் சொன்னால் வதந்தி, சம்பந்தமில்லாத இருவர் சொன்னால் செய்தி என்பது எங்கள் மேசையில் சட்டம். மழை அளவுக்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தாது. ஒரே ஊரில் இரண்டு இடத்தில் மழைமானி வைத்திருப்பார்கள், இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. எந்தப் போன் முதலில் வருகிறதோ அந்த அளவைப் போடுவோம். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மச்சானுக்குக் கார்ட்டிசால் கூடியிருப்பதாகவே எனக்கும் பட்டது. டாக்டரும் அதையே சொன்னார். ஒரு லேபுக்கு எழுதிக்கொடுத்ததற்கு மூன்று ரிப்போர்ட் வந்ததைப் பார்த்து அவர் முகத்தில் ஏற்பட்டதை நான் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். உடம்பில் தெரிகிற அறிகுறிகள் எல்லாம் பெரிய எண்ணுக்குத்தான் பொருந்துகின்றன, சின்ன எண்ணை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம், வேலூருக்குக் கிளம்புங்கள் என்றார்.

ரயிலுக்கு முன்பதிவு செய்தார்கள். அக்கா ஒரு மாதத்துக்கான துணியை எடுத்து வைத்தாள். மச்சான் பட்டறைக்குப் போய், அளவுக் கட்டைகள் இருந்த பெட்டியின் சாவியைத் தன் மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு வந்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

ஆர்.எஸ்.புரம் லேபின் ரிப்போர்ட் ஃபேக்ஸ் நகலாக இருந்தது. வெயில் பட்டால் எழுத்து மறைந்துவிடும், வேலூருக்கு அசல் தாளே இருக்கட்டும் என்று நான் அதை வாங்கப் போனேன். வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் ஒரு பையன் தெர்மாகோல் பெட்டி ஒன்றைப் பழுப்பு டேப்பால் சுற்றிக்கொண்டிருந்தான். பெட்டியின் மேல் மெட்ராஸில் உள்ள ஒரு பெரிய லேபின் முகவரி இருந்தது. ஹார்மோன் சோதனை எல்லாம் அங்கேதான் போகும், கதிரியக்கம் வைத்துச் செய்கிற சோதனை, இங்கே அதற்கு வசதி இல்லை என்று மேசையில் இருந்தவர் சொன்னார். சொல்வதில் அவருக்கு எந்தத் தயக்கமும் இல்லை. நாங்கள்தான் கேட்கவில்லை.

அங்கிருந்து காந்திபுரத்துக்குப் போனேன். உள்ளே போய்க் கேட்க வேண்டிய வேலையே வரவில்லை. வாசற்படியில் அதே மாதிரி பெட்டி, அதே முகவரியோடு, ரயில்வே பார்சலுக்குப் போகும் ஆளுக்காகக் காத்திருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மச்சான் மூன்று தாள்களில் இரண்டை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார்.

"அப்ப ரெண்டு பேரு சொன்னது ரெண்டு பேரு இல்ல."

"ஒரே ஆளுங்க மச்சான். ரெண்டு வாய்."

"ஒரே மைக்ரோமீட்டர்ல ரெண்டு தடவை அளந்துபோட்டு, ரெண்டும் ஒண்ணா இருக்குதுன்னு சந்தோசப்பட்டிருக்கறோம்" என்று சட்டையை மாட்டினார். "வண்டிய எடு. அந்த ரெண்டு போட்ட அம்மாவப் பாத்துட்டு வந்துருலாம்."

சாய்பாபா காலனி லேபை நடத்தியவர், மருத்துவக் கல்லூரி ஒன்றில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்து விலகி, தன் வீட்டு முன்னறையையும் கார் ஷெட்டையும் லேபாக மாற்றியிருந்த ஓர் அம்மாள். ஐம்பது வயது இருக்கும். மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு, கை கட்டி நின்று, மிகுந்த மரியாதையோடு ஆரம்பித்தார்.

"தப்பா நெனைக்கக் கூடாதுங்க. உங்களுது தப்புங்க."

"இருக்கலாமுங்க. உக்காருங்க" என்றார் அந்த அம்மாள். "எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துச்சு. அன்னைக்குக் குழாயக் குடுக்க வந்தப்ப உங்க முகத்தப் பாத்தேன், அவ்வளவு கம்மியா இருக்கற ஆளா தெரியல. அதனால மிச்சம் இருந்த சீரத்துல இன்னொருக்கா பண்ணிப் பாத்தேன். அதேதான் வந்துச்சு. அளவு தெரிஞ்ச கன்ட்ரோல் ஒண்ணையும் கூடவே ஓட்டினேன், அது சரியா வந்துச்சு."

அளவு தெரிந்த ஒன்றைக் கூடவே ஓட்டுவது என்ற பேச்சைக் கேட்டதும் மச்சான் நாற்காலியின் நுனியில் இருந்து கொஞ்சம் உள்ளே நகர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க அளவுக் கட்டை மாதிரி நீங்களும் ஒரு மாஸ்டர் வெச்சிருக்கீங்களாட்ட இருக்குது."

"நான் இங்கயே பண்றது கதிரியக்கம் வேண்டாத சோதனைக் கிட்டு, மாஸ்டர் அது கூடவே வருமுங்க. இந்தக் கம்பெனி கிட்டுக்கு இந்தக் கம்பெனி மாஸ்டர். மெட்ராஸ்காரங்க வேற கிட்டு, அதுக்கு வேற மாஸ்டர்."

"அப்ப ஊருக்கு ஒரு இஞ்சுங்களா?"

"கிட்டத்தட்ட அப்படித்தானுங்க. அதனாலதான் ஒவ்வொரு ரிப்போர்ட்லயும் எவ்வளவு வரைக்கும் இருக்கலாமுன்னு பக்கத்துலயே போடறோம். எங்க நம்பர எங்க அளவோட பாக்கோணும், அவங்க நம்பர அவங்க அளவோட. குறுக்க வெச்சுப் பாக்கக் கூடாது."

மச்சான் என்னைப் பார்த்தார். ஊருக்கு ஒரு இஞ்சை வைத்துக்கொண்டு மனிதர்களின் வயிற்றைக் கிழிக்கிறார்கள் என்ற செய்தியைப் பத்திரிகைக்காரன் இத்தனை நாள் எப்படி விட்டுவைத்தான் என்று அந்தப் பார்வை கேட்டது.

"ஆனா இது அந்த வித்தியாசம் இல்லீங்க" என்று அந்த அம்மாள் தொடர்ந்தார். "கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தா நானே உங்கள ஊட்டுக்கு அனுப்பியிருப்பேன். ரெண்டுக்கும் முப்பதுக்கும் நடுவுல வேற ஏதோ இருக்குது. நாங்க கார்ட்டிசால நேரா அளக்கறதில்லீங்க. அதைப் புடிக்கறதுக்குன்னே ஆண்டிபாடின்னு ஒண்ணு இருக்குது. அது எவ்வளவு புடிக்குதோ அதைக் கணக்குப் பண்றோம். கார்ட்டிசால் சாடையில வேற சரக்கு ஒண்ணு ரத்தத்துல இருந்தா, சில ஆண்டிபாடி அதையும் சேத்துப் புடிச்சுக்கும். சிலது புடிக்காது."

மச்சான் யோசித்தார். "ஓட்டைக்குள்ள விட்டு அளக்கற பிளக் கேஜாட்டங்க. அதுக்கு ஓட்டைதான் கணக்கு. இரும்புல போட்ட ஓட்டையா பித்தளையில போட்டதான்னு கேக்காது."

"அப்படியே வெச்சுக்கலாமுங்க. நீங்க என்னென்ன மருந்து சாப்பிடறீங்க?"

"சக்கரைக்கு ஒண்ணு, பிரசருக்கு ஒண்ணு. ரெண்டும் டாக்டர் குடுத்தது. வேற மருந்தே தொடறதில்லீங்க."

"பட்டறைக்காரராட்ட பேசறீங்க. தூசி இருக்குமே. வீசிங் கீது இருக்குதுங்களா?"

"இருந்துச்சுங்க. இப்ப சுத்தமா இல்ல. ஒண்ணரை வருசமாச்சு."

"எப்படிங்க சரியாச்சு?"

அங்கே மச்சானின் முகம் மலர்ந்தது. கேட்டவருக்கே வீசிங் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வழி சொல்ல ஆரம்பித்தார். பல்லடம் தாண்டி ஒரு ஊர், அங்கே ஒரு வைத்தியர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்ப்பார், விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்றுவிட வேண்டும், பொடி ஒன்று கொடுப்பார், மூன்றாம் நாளே மூச்சு பஞ்சுபோல ஆகிவிடும். என் அலுவலகத்தில் பிழை திருத்துபவர் ஒருவரையும் இவரே அங்கே அனுப்பியிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும்.

"மருந்தே தொடறதில்லைன்னீங்க" என்றார் அந்த அம்மாள்.

"அது மருந்துங்களா? பொடிங்க."

"ரத்தம் எடுத்த அன்னைக்கும் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிடறது இல்லீங்க. தேன்ல கொழச்சு நாக்குல தடவிக்கறது. தண்ணி குடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு, குடிக்கலைங்க."

"எவ்வளவு பொடி?"

மச்சான் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினார். பிறகு கொஞ்சம் யோசித்து, நேர்மையாக, விரல்களை இன்னும் சற்று விலக்கினார்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. இப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலப்பதை அவர் முன்பே பார்த்திருந்தார். அது கார்ட்டிசாலின் பங்காளி போன்றது. மெட்ராஸ் சோதனை அதையும் கார்ட்டிசால் என்று எண்ணியிருக்கலாம், தன்னுடையது அதை விட்டுவிட்டு மச்சானின் சொந்தச் சரக்கை மட்டும் எண்ணியிருக்கலாம் என்றார். "இருக்கலாமுன்னுதான் சொல்றேன். என்னோடதுதான் சரின்னு சொல்ல மாட்டேன். டாக்டர்கிட்ட இந்தப் பொடிய முதல்ல சொல்லுங்க."

வீட்டில் அக்காவிடம் சொன்னதுதான் தாமதம், பூஜை அலமாரியில் இருந்த பால்பவுடர் டப்பாவை எடுத்தாள். ஒன்றரை வருடமாகத் தேன் குழைத்துக் கொடுத்தது அவள்தான் என்பதால் கோபம் இரண்டு மடங்காக இருந்தது. சாக்கடையில் கொட்டப் போனவளை, போனில் பேசிக்கொண்டிருந்த மச்சான் நிறுத்தினார். டாக்டர் அவளிடமே பேச வேண்டும் என்றாராம்.

"டப்பா எங்கம்மா இருக்குது?"

"கையிலதானுங்க இருக்குது. கொட்டிபோடறேன்."

கொட்டிவிடாதீர்கள் என்றார் டாக்டர். வெளியிலிருந்து தினமும் சரக்கு வருவதைப் பார்த்து உள்ளே இருக்கிற சுரப்பி வேலையை விட்டிருக்கும். இதையும் திடீரென்று நிறுத்தினால் ஆள் மயங்கி விழுந்துவிடுவார், உயிருக்கே ஆபத்து. நாளைக் காலை எட்டு மணிக்கு மறுபடி இரத்தம் எடுக்கலாம். அதற்கு முன் பொடி கூடாது. எடுத்தவுடன் அங்கேயே நின்று நாக்கில் தடவிக்கொள்ளட்டும்.

அக்கா போனை வைத்துவிட்டு, டப்பாவைப் பார்த்தாள். "இந்தக் கருமத்த இனி நானே பத்திரமா வெச்சுப் பாத்துக்கோணுமாம்" என்று, அதே அலமாரியில் இல்லாமல் மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் காலை மறுபடியும் காந்திபுரம். ஊசி வெளியே வந்ததும் அக்கா கிண்ணத்தை நீட்டினாள். லேப் பெண் பார்த்துக்கொண்டிருக்க, மச்சான் விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டார்.

"போன தடவை பல்லுல ஒண்ணும் படலைன்னீங்க" என்றாள் அவள்.

"பல்லுல படாதுங்க அம்மணி. நாக்குல."

வேலூர் ரயிலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது எண்கள் வந்தன. காந்திபுரம் மூன்று. ஆர்.எஸ்.புரம் மூன்று. சாய்பாபா காலனி இரண்டு. முதல் நாளின் பொடி இரத்தத்தை விட்டுப் போயிருந்தது. பிடிப்பதற்கு வேறு சரக்கு இல்லாதபோது மெட்ராஸ் சோதனையும் உள்ளதைச் சொல்லிவிட்டது.

மச்சானுக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. "போன வாரம் ரொம்ப இருக்குதுன்னு வெட்டப் பாத்தாங்க. இந்த வாரம் ஒண்ணுமே இல்லைங்கறாங்க. நடுவுல என்னைக்காவது நான் நல்லா இருந்தேனுங்களா?" என்று டாக்டரிடமே கேட்டார்.

"இனி இருப்பீங்க" என்றார் டாக்டர். "மூணு லேபும் ஒத்துப்போச்சு பாருங்க."

"மூணு இல்லீங்க. ரெண்டு. மூணுல ரெண்டு பேரு ஒரே ஆளு."

முகம் உருண்டது, சர்க்கரை வந்தது, கையில் நீலம் கட்டியது எல்லாம் அந்தப் பொடியின் வேலைதான், ஸ்கேன் வேண்டாம் என்றார் டாக்டர். ஆபரேஷன் வேண்டாம் என்றார். அந்தச் சொல்லை மச்சான் திருப்பிச் சொல்லச் சொன்னார், டாக்டரும் சொன்னார். வெளியே வந்து, ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றபடி, ஒரு டீ குடிக்கலாமா மாப்பிள்ளை என்றார். இரண்டு டீயும் நான்கு பஜ்ஜியும் சாப்பிட்டார்.

பொடிக்குப் பதிலாக அதே ஸ்டீராய்டு, எடை தெரிந்த மாத்திரையாக வந்தது. அதைத்தான் டாக்டர் மாதத்துக்கு மாதம் பிளந்து பிளந்து குறைத்தார். வீசிங் திரும்பி வந்தது, அதற்கு உறிஞ்சும் மருந்து வந்தது. சாய்பாபா காலனி அம்மாளிடம் மட்டும் இரத்தம் கொடுத்தால் போதும், அவர் எண்ணை அவர் அளவோடு பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதை மச்சான் ஏற்றுக்கொள்ள மிகவும் சிரமப்பட்டார். ஒரே இடத்தில் கேட்பது அவர் சுபாவத்துக்கு விரோதம். இரண்டு தடவை ரகசியமாகக் காந்திபுரத்துக்கும் போய்க் கொடுத்தார் என்று அக்கா சொல்கிறாள்.

முகம் வற்றிக் கன்னம் உள்ளே போனதும், கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் பட்டறைக்கு ஆர்டர் குறைந்துவிட்டதா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எங்கள் பிழை திருத்துபவரும் நான் சொன்ன பிறகு டாக்டரிடம் போனார்.

அடுத்த ஆண்டு ஆடி மாதத்தில் எடுத்த இரத்தத்தில் மச்சானின் கார்ட்டிசால் பதினொன்று இருந்தது. சுரப்பி மறுபடி வேலைக்கு வந்துவிட்டது என்று டாக்டர் மாத்திரையை நிறுத்தினார்.